செவலையும் நானும்: முதுநகர் நாட்குறிப்பு

ஜூன் 3, 2025

நைட் ஷிப்ட் முடிந்து சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து கடலூர் முதுநகர் வந்து சேர மணி ஏழாகிவிட்டது. மாடிப்படியில் என் பூனை செவலை உட்கார்ந்திருந்தான். ஓடி வந்து மேலே விழவில்லை, கண்ணை ஒரு தடவை மெதுவாக மூடித் திறந்தான், அவ்வளவுதான். எனக்கு அது போதும். போன வருடம் வரை நான் நாய்க்காரன். ஊரில் அம்மாவிடம் மணி இருக்கிறான், அவனை இங்கே கொண்டுவர ஆசைதான், ஆனால் வீட்டுக்காரர் முதல் நாளே நாய் கூடாது என்று சொல்லிவிட்டார், அவர் சம்மதித்தாலும் பன்னிரண்டு மணி நேரம் கட்டிப்போட்டுவிட்டு வேலைக்குப் போவது பாவம். எங்கள் ஷிப்டில் இப்போது மூன்று பேர் பூனை வளர்க்கிறோம், மூவருமே தனியாக வாடகைக்கு இருப்பவர்கள். ஐந்து வருடத்துக்கு முன் எல்லாருக்கும் ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களைப் பற்றிய பேச்சுதான்.

ஜூன் 6

செவலைக்குக் கன்னம் வீங்கிவிட்டது. பக்கத்துத் தெருக் கடுவனோடு சண்டை, பல் இறங்கிய இடத்தில் சீழ் கட்டியிருக்கிறது. ராத்திரி உடம்பு அனலாகக் கொதித்தது. பாராசிட்டமாலைப் பாதியாக உடைத்துக் கையில் வைத்துக்கொண்டு, எதற்கும் கேட்டுவிடலாம் என்று ஷிப்ட் நண்பனுக்கு போன் போட்டேன். "டேய், கொடுத்துடாதடா!" என்று கத்தினான். காலையில் டாக்டரும் அதையேதான் சொன்னார். அந்த மருந்தை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாதாம், ரத்தம் கெட்டு மூச்சுத் திணறிவிடுமாம், உயிர் போக அந்தப் பாதி மாத்திரையே போதுமாம். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. பூனை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் காத்திருந்தபோது பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், விசைப்படகில் டிரைவராக இருந்தவர். மீன் கூடையைக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டி, உள்ளே ஒரு சாம்பல் பூனை. "வெறிநாய் ஊசிய இதுக்கும் போடணுமாமே தம்பி?" என்றார். ஆமாம் ஐயா, பூனைக்கும் மூன்று மாதத்தில் போட வேண்டும் என்றேன். கூடை இடுக்கில் விரலை விட்டு அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஜூன் 9

கேன்டீனில் ஒருத்தர், "ஆம்பளைக்கு நாய்தான்டா அழகு" என்று ஆரம்பித்தார். உடனே இன்னொருவன் மொபைலை நீட்டினான். 2020-இல் அமெரிக்காவில் வந்த ஆய்வு, ஒரே ஆளைப் பூனையோடும் பூனை இல்லாமலும் படம் எடுத்துப் பெண்களிடம் காட்டியிருக்கிறார்கள், பூனையோடு இருந்தால் ஆண்மை குறைவாகத் தெரிகிறது என்று மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. நாய் நம் குரலுக்கு வரும், அதட்டினால் அடங்கும். பூனையிடம் அதட்டல் செல்லாது, அதுவாக வரும்வரை காத்திருக்க வேண்டும். செவலை என் மடியில் ஏற நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் நான் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன், முதலில் கதவோரம், அப்புறம் பாய் ஓரம், அப்புறம் ஒரு நாள் முழங்காலில் ஒரு கால். இந்தப் பொறுமையை எனக்கு வேறு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

ஜப்பானில் 2017-லேயே வளர்ப்புப் பூனைகளின் எண்ணிக்கை நாய்களைத் தாண்டிவிட்டது. சின்ன வீடு, தனி ஆள், நேரம் காலம் இல்லாத வேலை என்றால் வேறென்ன நடக்கும்? இங்கேயும் அதே கதைதான்.

ஜூன் 12

வீக்கம் வடிந்துவிட்டது. காயம் ஆறியதும் கருத்தடை செய்துவிடச் சொல்கிறார் டாக்டர், ஊர் சுற்றுவதும் சண்டையும் குறையுமாம். இன்னொரு நண்பன் தன் பூனைக்கு மிச்சமிருந்த நாய்த் தீனியையே போட்டு வந்திருக்கிறான். டாரின் என்ற சத்து பூனைக்கு உணவிலிருந்துதான் கிடைத்தாக வேண்டும், அது குறைந்தால் கண்ணும் இதயமும் பாழாகும். சொன்னதும் பையன் சாயங்காலமே போய்ப் பூனைத் தீனி வாங்கிவந்துவிட்டான், நல்ல பிள்ளை.

ஜூன் 16

61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து நேற்று விசைப்படகுகள் கடலுக்குப் போயின. ஏப்ரல் 15-லிருந்து துறைமுகத்துப் பூனைகள் எலும்பும் தோலுமாகத் திரிந்தன, பார்க்கவே முடியவில்லை. இன்று ஏலம் போடும் இடத்தில் ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டதுமே ஏழெட்டு வந்து நின்றன. மத்தி கால் கிலோ வாங்கினேன். மீன் அரியும் அக்கா தலைகளைத் தனியாகக் கட்டிக் கொடுத்து, "கன்னம் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

வேகவைத்து முள் எடுத்துத் தட்டில் போட்டேன். முகர்ந்து பார்த்துவிட்டு வீங்கியிருந்த பக்கம் படாமல் தலையைச் சாய்த்து, இடது பக்கமாகவே மென்று முழுசும் தின்றான். சனிக்கிழமை கருத்தடை. அந்தப் பெரியவரிடம் கூடையைக் கேட்டு வைத்திருக்கிறேன்.