11,840 பாயிண்ட்டைப் பணமாக்கிய கதை

போன மாதம் 9ஆம் தேதி, "உங்கள் 3,260 ரிவார்ட் பாயிண்ட்கள் 31ஆம் தேதியுடன் காலாவதியாகின்றன" என்று கிரெடிட் கார்டு எஸ்எம்எஸ் வந்தது. பார்த்ததும் அழிக்கத்தான் போனேன். காரணம், அதற்கு முந்தைய வாரம்தான் எங்கள் பக்கத்து மாங்காய் மண்டியில் கணக்கெழுதும் அண்ணனுக்கு இதே மாதிரி வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ், பேங்க் லோகோவோடு, கூடவே ஒரு ஏபிகே ஃபைல் (போனில் ஆப் போடுகிற ஃபைல்). அதை இன்ஸ்டால் செய்து, எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டதற்கு ஓகேவும் கொடுத்துவிட்டார். ஓடிபி எல்லாம் அவர் கண்ணில் படும் முன்னே மோசடிக்காரர்களுக்குப் போய்விட்டது. சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு உடனே போன் போட்டதால், போன பணத்தில் ஒரு பகுதியாவது தடுத்து நிறுத்த முடிந்தது. அதனால் எனக்கு வந்த எஸ்எம்எஸ்ஸில் இருந்த லிங்க்கைத் தொடவே இல்லை. ஏற்கெனவே போனில் இருந்த பேங்க் ஆப்பைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்தேன். பாயிண்ட் நிஜமாகவே இருந்தது, மொத்தம் 11,840.

என் கார்டில் 100 ரூபாய் செலவுக்கு 2 பாயிண்ட், பெட்ரோலுக்குக் கிடையாது, மூன்று வருடத்தில் காலாவதி. மளிகை, பிள்ளைகள் ஃபீஸ், தோப்புக்கு மருந்து எல்லாம் அந்தக் கார்டில்தான். பத்தாயிரத்துக்கு மேல் என்றதும் ஏதோ பத்தாயிரம் ரூபாயே வந்த மாதிரி வீட்டில் ஒரே குஷி.

ஆப்பில் நாலு வழி காட்டியது: கேட்டலாகில் பொருள் வாங்கலாம், கிஃப்ட் வவுச்சர் எடுக்கலாம், விமான டிக்கெட்டுக்குப் பயன்படும் ஃபிளைட் மைல்ஸாக மாற்றலாம், இல்லை பணமாக பில்லில் கழித்துக்கொள்ளலாம்.

ஃபிளைட் மைல்ஸ் யோசனை மச்சானுடையது. ஓசூரில் கம்பெனி வேலை, அடிக்கடி டெல்லி போய் வருகிற ஆள். "மாமா, மைல்ஸா மாத்துங்க, அதுலதான் மதிப்பு ஜாஸ்தி" என்றான். அவனுக்கு ஜாஸ்திதான், இல்லை என்று சொல்லவில்லை. கிருஷ்ணகிரியில் ரயிலே கிடையாது, வெள்ளைக்காரன் காலத்தில் ஓடிக்கொண்டிருந்த திருப்பத்தூர் லைனையும் இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பிடுங்கிவிட்டார்கள். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் மைல்ஸ் சேர்த்து என்ன செய்வது? அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

குக்கர்தான் பெரிய பஞ்சாயத்து ஆகிவிட்டது. கேட்டலாகில் ஐந்து லிட்டர் குக்கர் 8,200 பாயிண்ட். "ஏங்க, சும்மா கிடக்கிற பாயிண்ட்தானே, குக்கராவது வரட்டும்" என்றாள் வீட்டில். எனக்கும் முதலில் சரி என்றுதான் பட்டது. அப்புறம் சாயங்காலம் ரவுண்டானா பக்கம் போனபோது பாத்திரக் கடையில் அதே கம்பெனி, அதே லிட்டர், விலை கேட்டேன். 1,480 ரூபாய். பில்லில் கழித்தால் என் கார்டில் ஒரு பாயிண்ட்டுக்கு 20 பைசா, அப்படிப் பார்த்தால் 8,200 பாயிண்ட் என்பது 1,640 ரூபாய். கடையில் பேரம் பேசாத விலையைவிடவே 160 ரூபாய் கூடுதல். போதாததற்கு கைப்பிடி லூசாக வந்தால் கேட்டலாக் குக்கரை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது, சொல்லுங்கள்.

வவுச்சரில்தான் நான் ரொம்ப நேரம் மாட்டிக்கொண்டேன். துணி, ஷூ, நகை பிராண்ட் வவுச்சர்களுக்கு பாயிண்ட்டுக்கு 25 பைசா, அதாவது 10,000 பாயிண்ட் கொடுத்தால் 2,500 ரூபாய் வவுச்சர், மிச்சம் 1,840 பாயிண்ட் அப்படியே இருக்கும். கணக்குப்படி இதுதான் லாபம், நோட்டில் எழுதியே பார்த்தேன். ஆனால் லிஸ்ட்டில் இருந்த கடை ஒன்றுகூட எங்கள் ஊரில் இல்லை, ஓசூர் போக வேண்டும் இல்லையென்றால் பெங்களூர். குடும்பத்தோடு போனால் பஸ், சாப்பாடு, அங்கே போய் 2,500க்கு மட்டும் துணி எடுத்துவிட்டு யாராவது திரும்பி வருகிறார்களா, கைக்காசு இன்னொரு மூவாயிரம் போகும். எல்லாப் பொருளும் கிடைக்கிற ஆன்லைன் ஷாப்பிங் வவுச்சருக்கு அதே 20 பைசாதான் கொடுத்தார்கள், ஒரு வருடத்துக்குள் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு. அதற்குப் பணமாகவே வாங்கிக்கொள்ளலாமே.

சரி பணம் என்று முடிவானது. காலாவதியாகிற 3,260ஐ மட்டும் எடுக்கலாமா என்று பார்த்தேன். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் 99 ரூபாய் கட்டணம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 116 ரூபாய் 82 பைசா. 652 ரூபாய் எடுக்க 117 கொடுப்பது அநியாயம், எப்படியும் அடுத்த வருடம் மறுபடி அழ வேண்டும். மொத்தமாகவே போட்டுவிட்டேன். 2,368 ரூபாய், கட்டணம் போக 2,251. மூன்று வருடத்தில் கிட்டத்தட்ட ஆறு லட்சம் செலவு செய்ததற்கு இது. 100 ரூபாய்க்கு 40 பைசா.

மூன்றாம் நாள் கார்டு கணக்கில் வரவு வைத்துவிட்டார்கள். அந்த மாத பில் 2,210 ரூபாய்தான். அதைவிட அதிகமாகவே வரவு வந்துவிட்டதே, இனி எதற்குக் கட்ட வேண்டும் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். கடைசித் தேதி தாண்டிய மறுநாள் காலையில், நிலுவை என்று எஸ்எம்எஸ். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால், பாட்டெல்லாம் போட்டுக் காட்டி இருபது நிமிடம் கழித்து ஒரு பெண் எடுத்து, "சார், ரிவார்ட் கிரெடிட்டை பேமெண்ட்டாக எடுத்துக்க மாட்டோம், மினிமம் டியூவை, அதாவது குறைந்தபட்சத் தொகையை, நீங்கள் தனியாகக் கட்டியிருக்கணும்" என்றார். மறுபடி ஆப்பைத் திறந்து பார்த்தால் விதிமுறைகளில் ஒன்பதாவது வரியோ பத்தாவது வரியோ, அப்படித்தான் போட்டிருக்கிறது. படிக்காதது என் தப்பு. ஆனாலும் 'உறுதி செய்' பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு வரி போட்டால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?

அன்றைக்கே முழுசாகக் கட்டிவிட்டேன். கெடு தேதிக்கு மேல் மூன்று நாள் தாண்டினால்தான் தாமதக் கட்டணம் போடலாம் என்று ரிசர்வ் வங்கி விதி இருப்பதால் அது தப்பித்தது. வட்டி தப்பவில்லை, ஜிஎஸ்டியோடு 90 ரூபாய் சொச்சம் அடுத்த பில்லில் வந்தது. வரவு வைத்த 2,368 அந்தப் பில்லில்தான் கழிந்தது.

குக்கரை அந்தப் பாத்திரக் கடையிலேயே வாங்கினோம், பேசிப் பேசி 1,420க்கு. கேஸ்கெட் ஒன்று கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பாயிண்ட்டில் வாங்கியதா என்று மச்சான் கேட்டதற்கு, "உங்க மாமா மூணு நாள் நோட்டுப் போட்டு கணக்கெழுதி வாங்கினது" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.