கார்டு ஏறாமல் கிளம்பிய வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை மியூனிக்கிலிருந்து டேகர்ன்ஸே ஏரிக்குக் குடும்பத்தோடு கிளம்பினோம். ஏரியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தோம்.

முழுக் காரணமும் அப்பாதான். அவரிடம் கேட்டால் ஜெர்மன்காரனுக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை என்பார்.

தமிழ்நாட்டிலிருந்து ஜெர்மனிக்கு எங்களிடம் வந்த நாளிலிருந்தே அப்பாவுக்கு இந்த ஊரில் எதுவும் பிடிக்கவில்லை, காலி பாட்டிலைத் தவிர. தண்ணீர் பாட்டிலைக் கடை மெஷினில் திருப்பிப் போட்டால் 25 சென்ட் வரும் என்று மகன் சொல்லிக் கொடுத்துவிட்டான். “நம்மூரு காசுக்கு இருவத்தஞ்சு ரூவாயா!” என்று ஆடிப்போனவர், அதற்கப்புறம் காலை நடைக்குப் பையோடுதான் கிளம்புகிறார். பூங்காவில் ஒரு பெஞ்சு விடாமல் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வந்து, பால்கனியில் ரகவாரியாக அடுக்கி வைப்பார். பீர் பாட்டிலுக்கு 8 சென்ட்தான் என்பதில் அவருக்கு மனத்தாங்கல் உண்டு. இதில் கொடுமை என்னவென்றால், எங்களுக்கு ஏதோ பணக்கஷ்டம் என்று நினைத்து, கீழ்வீட்டு அம்மா தன் காலி பாட்டில்களை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்துவிட்டார். நான் வெட்கத்தில் லிஃப்டில் அவரைப் பார்த்தால் செருப்பைப் பார்க்கிறேன். அப்பா குனிந்து வணக்கம் வைக்கிறார்.

சரி, ஏரிக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே மிக்ஸி போடக்கூடாது. போட்டால் சட்னி அரைபடுவதற்குள் கதவு தட்டப்படும். அதனால் அம்மா சனிக்கிழமை இரவு பத்து மணிக்குள் அரைப்பு வேலையை எல்லாம் முடித்துவிட்டு, பயணத்துக்குப் பொடி இட்லி என்று தீர்மானித்திருந்தாள். நல்லெண்ணெய் விட்டுக் குழைத்த பொடியை இரண்டு பக்கமும் தடவி, வாழை இலைக்கு வழியில்லாததால் அலுமினியத் தாளில் சுற்றி, துணிக்கடைக் கட்டைப்பையில் அடுக்கினாள். ஐந்து பேருக்கு என்று சொல்லிவிட்டு ஒரு கல்யாண வேனுக்கு ஆகிற அளவுக்கு.

டிக்கெட் என் வீட்டுக்காரர் பொறுப்பு. 2022 கோடையில் மாதம் 9 யூரோவுக்கு நாடு முழுக்க ஓடினோமே, அந்த டிக்கெட்டைப் பற்றி இன்றைக்கும் இவர் பேசினால் செத்துப்போன சித்தப்பாவைப் பற்றிப் பேசுகிற குரல்தான் வரும். அதற்குப் பதிலாக 2023 மே மாதம் 49 யூரோவுக்கு ஒன்று கொண்டுவந்தார்கள். அது 58 ஆகி, 2026 ஜனவரியில் 63 ஆனபோது இவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா அம்மாவுக்கு அது கட்டுப்படியாகாது, பத்தாம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதக் காசும் போய்விடும் என்று ஒரு பிரசங்கம் செய்துவிட்டு பயர்ன் டிக்கெட் எடுத்தார். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட், எங்கள் பவேரியா மாநிலத்துக்குள் நாள் முழுக்க எந்த உள்ளூர் ரயிலிலும் ஏறலாம். ஆனால் எல்லோரும் சேர்ந்தே போக வேண்டும். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் உட்கார்ந்ததும் இவர்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஆரம்பித்தார். “மாமா, இது மூணு வண்டி சேர்ந்த ஒரு வண்டி. ஹோல்ஸ்கிர்ஷன்ல ஒண்ணு கழண்டு பைரிஷ்செல் போயிடும். மிச்சம் ரெண்டும் ஷாஃப்ட்லாக்ல பிரிஞ்சு ஒண்ணு லெங்க்ரீஸ், ஒண்ணு டேகர்ன்ஸே. நாம டேகர்ன்ஸே பெட்டியில இருக்கோம்.”

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். வந்த நாளாக அந்த முகத்தில் நான் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. “நம்ம மணியாச்சி மாதிரியா மாப்ள?”

போச்சு. ரயில்வேக்காரரான அப்பா தூத்துக்குடிப் பக்கத்து மணியாச்சி ஜங்ஷனைப் பற்றி வாயைத் திறந்தால் கோவில்பட்டி தாண்டாமல் மூடமாட்டார். அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து வந்த குருவாயூர் எக்ஸ்பிரஸிலிருந்து தூத்துக்குடிப் பெட்டிகளை அங்கே கழற்றுவது, இரண்டு பெட்டிக்கு நடுவே ஆள் இறங்குவது, ஏர் பைப்பைப் பிரிப்பது, வேறு இஞ்சின் வந்து மாட்டுவது என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒரு தடவை மழையில் அப்பா மட்டும் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது வந்தது. 1911 ஜூன் 17-ஆம் தேதி ஆஷ் துரையும் வந்தார். மணியாச்சியில் இணைப்பு ரயிலுக்குக் காத்திருந்தபோதுதான் வாஞ்சிநாதன் சுட்டது. “கனெக்சன் வண்டி தயாரா நின்னிருந்தா வெள்ளக்காரன் தப்பிச்சிருப்பான்” என்பது அப்பாவின் சொந்த ஆராய்ச்சி. எதிர் சீட்டில் ஊன்றுகோல்களோடு மலையேறக் கிளம்பியிருந்த தம்பதிக்கு என் மகன் இதை ஜெர்மனில் சொல்லத் தொடங்க, துப்பாக்கி என்ற இடத்தில் நான் அவன் வாயைப் பொத்தினேன்.

நடுவில் அப்பா ஜன்னல் வழியாக அண்ணாந்து பார்த்துவிட்டு, “மேல கம்பியே இல்லாத எடத்துக்கெல்லாம் போகுமாமே, இது டீசல் வண்டியாட்டி?” என்றார். ஆமாம், ஹோல்ஸ்கிர்ஷனுக்குத் தெற்கே அந்தப் பாதைகளுக்கு மின்சாரம் போகவில்லை. “எங்க மணியாச்சிக்கே கரண்டு வந்தாச்சு. ஜெர்மனியில டீசலு!” என்று சிரித்தார் பாருங்கள், விசா, விமான டிக்கெட், இன்சூரன்ஸ் என்று நாங்கள் செலவழித்த காசெல்லாம் அந்த ஒரு சிரிப்பில் அவருக்குத் திரும்பி வந்துவிட்டது.

ஹோல்ஸ்கிர்ஷன் வந்தது. வண்டி நின்றது. அப்பா எழுந்தார்.

“எங்க போறீங்க?”

“கட்டு கழத்துறதப் பாத்துட்டு வாரேன்.”

அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் ரயில்வே கார்டு. கார்டு கொடி காட்டி, தன் பெட்டியில் ஏறின பிறகுதான் வண்டி நகரும். அதாவது, அப்பா பிளாட்பாரத்தில் நிற்கும்போது ஒரு வண்டி கிளம்பிப் போகும் என்பது அவர் அறிவுக்கே எட்டாத விஷயம். 2022-ல் கார்டு என்ற பதவிப் பெயரை டிரெயின் மேனேஜர் என்று மாற்றினார்களே, அப்போது, “பேர மாத்தலாம், கொடிய மாத்த முடியுமா?” என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்த மனிதர். சாமானைத் தனியாக விட்டுவிட்டு இறங்கக்கூடாது என்பது அவருடைய இன்னொரு கொள்கை. ஆகவே இட்லிப் பையும் இறங்கியது.

நான் ஜன்னலில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வண்டிகள் சேருகிற இடத்துக்குப் போய், மங்கி குல்லாவைச் சற்றுத் தூக்கிவிட்டுக்கொண்டு, பையை நெஞ்சோடு அணைத்தபடி இடுக்கில் எட்டிப் பார்த்தார். கழற்றுகிற ஆளைத் தேடுகிறார். ஆள் ஏது? ஓட்டுநர் உள்ளே இருந்தே ஏதோ அழுத்துவார், கட்டு விட்டுவிடும். ஷார்ஃபன்பர்க் என்று ஒரு இஞ்சினியர் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்த கப்ளிங் என்று இவர் அன்று ராத்திரி படித்துச் சொன்னார். ராத்திரி சொல்லி என்ன புண்ணியம்? ‘புஸ்’ஸென்று ஒரு சத்தம். அப்பா இன்னும் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் கதவுகள் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்ததும் நிமிர்ந்தார். கைக்கு எட்டிய கதவில், அனுபவம் பேசும் லாகவத்தோடு, ஒரே தாவில் ஏறினார்.

பைரிஷ்செல் போகிற பெட்டியில்.

எங்கள் வண்டி நகர்ந்தது. அந்தப் பெட்டியின் வாசலில் நின்றபடி அப்பா எங்கள் வண்டிக்குக் கையை உயர்த்தி அசைத்தார். கொடி பிடித்த கை, தானாக எழுந்துவிட்டது. அப்புறம்தான் ஜன்னலில் என் முகம் தெரிந்திருக்க வேண்டும். கை அப்படியே நின்றது.

இவருக்கு முதலில் வந்த வார்த்தை “டிக்கெட்!” டிக்கெட் இவரிடம். மாமாவிடம் டிக்கெட் இல்லை, பிடிபட்டால் 60 யூரோ. பெரியவர் தொலைந்ததைவிட இதுதான் இவருக்கு முன்னால் வந்து நின்றது என்று நான் சொல்லவில்லை, அம்மா சொன்னாள். அப்பாவிடம் இருப்பது ஊர் சிம். வீட்டு வைஃபையை விட்டு வெளியே வந்தால் அது வெறும் கேமரா.

எங்கள் வண்டியில் வந்த பெண் டிக்கெட் பரிசோதகரிடம் மகன்தான் பேசினான். அடையாளம் கேட்டார்களாம். சந்தன நிறத்தில் தலையோடு கழுத்தையும் மூடுகிற கம்பளிக் குல்லா, கையில் நகைக்கடை பொம்மை மாதிரி ஒரு பெண் படம் போட்ட பை. மே மாதத்தில், வெயிலில். அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு யாருக்கோ போன் செய்தார். வேறு அடையாளமே வேண்டாம், ஆல்ப்ஸ் அடிவாரம் முழுக்கத் தேடினாலும் இன்னொருத்தர் கிடைக்கமாட்டார் என்பது அவருக்கே புரிந்திருக்கும்.

நாங்கள் ஷாஃப்ட்லாக்கில் இறங்கி, அடுத்த வண்டியில் ஹோல்ஸ்கிர்ஷனுக்கே திரும்பி வந்து பிளாட்பாரத்தில் உட்கார்ந்தோம். பைரிஷ்செல் கடைசி ஸ்டேஷன், அங்கே போய்த்தான் வண்டி திரும்பும். போய்வர இரண்டு மணி நேரமாவது ஆகும். இவர் நடந்தார், போனைப் பார்த்தார், மறுபடியும் நடந்தார். எனக்கு அழுகை தொண்டை வரை வந்துவிட்டது. அம்மா மட்டும் சம்மணம் போடாத குறையாக நிம்மதியாக பெஞ்சில் இருந்தாள்.

பசித்தது. சாப்பாடு அப்பாவோடு போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை, பேக்கரி ஒன்றுதான் திறந்திருந்தது. ஆளுக்கொரு பிரெட்ஸல் வாங்கிக் கொடுத்தேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேலே ஒட்டியிருந்த கல் உப்பை நகத்தால் ஒவ்வொன்றாகப் பெயர்த்து, காகிதக் கைத்துண்டில் சேர்த்து, நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். “என்னத்துக்கும்மா?” “நல்ல கல்லுப்பு. ரசத்துக்கு ஆவும்.”

“உங்களுக்குப் பயமா இல்லையா?” என்று கேட்டேன்.

“என்னத்துக்குப் பயம்? அவிய வண்டியிலதான இருக்காவ.”

அப்புறம் அவளாகவே பேசினாள். அப்பா கூட்ஸ் வண்டிக்குப் போன வருஷங்கள் எனக்கு அவ்வளவாக நினைவில்லை. கூட்ஸுக்கு நேரம் காலம் கிடையாது. எந்த ஸ்டேஷனிலாவது ஓரங்கட்டி மணிக்கணக்கில் போட்டுவைப்பார்கள். போன் கிடையாது. காலையில் வருகிறேன் என்று போனவர் மறுநாள் ராத்திரி வருவார். “தொலஞ்சு போயிட்டாவன்னு நெனச்சா நான் பொழுதுக்கும்ல நெனச்சிக்கிட்டு கெடக்கணும். நீ பொறந்தப்போ விருதுநகர் பக்கத்துல எங்கயோ நின்னாவ. மூணாம் நாளுதான் வந்தாவ.” சொல்லிவிட்டு என் மகனின் பிரெட்ஸலிலிருந்தும் உப்பைப் பெயர்க்கத் தொடங்கினாள்.

அப்பா வந்தார். வந்தவிதம் எப்படி என்கிறீர்கள்? பக்கத்தில் பரிசோதகர், மறுபக்கம் மலையேறுகிற கோஷ்டி, நடுவில் மங்கி குல்லா. எல்லோரும் கையாட்டி வழியனுப்பினார்கள்.

அவர் சொன்ன கதை இது. டிக்கெட் கேட்டார்களாம். அப்பா பர்ஸிலிருந்து தெற்கு ரயில்வேயின் ஓய்வுபெற்றோர் அடையாள அட்டையை எடுத்து நீட்டினாராம். பரிசோதகர் அதை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு சல்யூட் அடித்தாராம். சல்யூட்டை நான் நம்பவில்லை, எங்கள் வண்டிப் பரிசோதகர் போன் செய்ததுதான் காப்பாற்றியிருக்கும். ஆனால் 60 யூரோ கேட்கவில்லை என்பது உண்மை. அதனால் இவர் சல்யூட்டையும் நம்பத் தயாராக இருந்தார்.

“இட்லி எங்க?”

“அந்தப் பசங்க பசியோட இருந்தானுவ. குடுத்தேன். ஒருத்தனுக்குக் கண்ணுல தண்ணியா ஊத்துது, ஆனாலும் இன்னொண்ணு கேக்கான்.”

பையை வாங்கிப் பார்த்தேன். அலுமினியத் தாளில் ஆறிப்போன நாலு இட்லி. மிச்ச இடத்தில், சாய்ந்துவிடாமல் துண்டு சுற்றி, காலி பாட்டில்கள். அந்த வண்டியிலும் வசூல் நடந்திருக்கிறது.

அம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். “மாத்திர போட்டீயளா?”

“போட்டேன்.”

அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது. அதற்குமேல் டேகர்ன்ஸே போக யாருக்கும் தெம்பில்லை, மியூனிக் வண்டியில் ஏறிவிட்டோம். வழி முழுக்க அப்பா, பைரிஷ்செல் போகிற பாதையில் ஷ்லியர்ஸே என்று ஒரு ஏரி வருகிறது, தண்டவாளம் தண்ணீரை ஒட்டியே போகிறது, என்ன அழகு, நீங்களும் பார்த்திருக்கலாம் என்று எங்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தார்.

இப்போது புதுத் தலைவலி. அப்பாவுக்கு ஹாம் என்ற ஊருக்குப் போகவேண்டுமாம். அப்பா தானாக ஒரு கோயில் ஊர்ப்பெயரைச் சொன்னதில் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஈழத் தமிழர்கள் கட்டி 2002-ல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்மன் கோயில், கோபுரமும் தேரும் ஊரில் மாதிரியே என்று யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவள். அம்மனே இவிய வாயில வந்து கூப்பிட்டுட்டா என்று பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் போட்டுவிட்டாள். பெர்லினிலிருந்து கொலோன் போகிற ஐசிஇ என்ற அதிவேக வண்டியை அந்த ஹாம் ஸ்டேஷனில்தான் பல வருஷமாக இரண்டாகப் பிரித்துவந்தார்கள் என்று என் மகன் அப்பாவிடம் சொல்லியிருப்பது அவளுக்குத் தெரியாது. இவரோ, ஐசிஇ கட்டணத்தைப் பார்த்துவிட்டு, மியூனிக்கிலிருந்து ஹாம் வரை உள்ளூர் ரயிலிலேயே மாறி மாறிப் போனால் எவ்வளவு மிஞ்சும் என்று நேற்று ராத்திரியிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். நாள் பூராவும் ஆகும். எத்தனை ஸ்டேஷனில் வண்டி மாற வேண்டுமோ அத்தனை ஸ்டேஷனிலும் அப்பாவைப் பிடித்துக்கொள்ள வேண்டியது நான்.