சும்பத்ராவின் நிழல்

திரைக்கு எந்தப் பக்கம் உட்காருவது என்பதுதான் முதல் குழப்பம். ஜாவாவின் தோற்பாவைக் கூத்தான வாயாங் கூலித்தை இரண்டு பக்கமிருந்தும் பார்க்கலாம். ஒரு பக்கம் நிழல். மறுபக்கம் பாவையும் ஆட்டுபவரும். யோக்யகர்த்தாவில், ஒரு சந்துக்குள் இருந்த சிறிய கொட்டகையில், நான் நிழல் பக்கம் உட்கார்ந்தேன்.

மரபுப்படி இது விடிய விடிய நடக்கும் கூத்து. காமெலான் இசைக்குழு, ஒற்றை விளக்கு, வண்ணம் தீட்டிய எருமைத்தோல் பாவைகள், அத்தனைக்கும் குரல் கொடுக்கும் ஒரே ஒரு 'தாலாங்'. அன்று ஆடிய இளைஞர்கள் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டிருந்தார்கள். ஒரு மணி நேரம், ஒரு கோங், நாலைந்து டார்ச் விளக்குகள். அவ்வளவுதான்.

கதை அர்ஜுனனுடையது. நம்முடைய சிகண்டி அங்கே ஸ்ரீகண்டி என்னும் பெண். அர்ஜுனனிடம் வில் பழக வந்து அவன் மனைவியாகிறாள். (திரௌபதி தருமனுக்கு மட்டுமே மனைவி என்பதும் அந்த ஊர் வழக்கம். நம் பாட்டிகள் கேட்டால் சண்டைக்கு வருவார்கள்.) சுபத்திரையின் பெயர் சும்பத்ரா. வில் பாடத்தை அவள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

நிற்கிறாள், வேறொன்றும் செய்வதில்லை. ஆனால் ஸ்ரீகண்டியின் கை வில்லில் பழகப் பழக, சும்பத்ராவின் நிழல் வளர்கிறது. விளிம்பு கலங்கி, மூக்கு நீண்டு, திரை முழுக்கப் பரவி, கடைசியில் அந்த இருவரையும் மூடிவிடுகிறது. ஜாவானிய வசனத்தில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை; புரிந்திருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. நடுவில் திரையில் கைப்பேசிக் குறுஞ்செய்திகளை ஓடவிட்டதுதான் வீண்வேலை. புதுமை செய்கிறோம் என்று காட்டிக்கொள்ளும் அவசரம்.

பொறுக்க முடியாமல் எழுந்து மறுபக்கம் போனேன். அர்ஜுனனையும் ஸ்ரீகண்டியையும் திரையோடு ஒட்டிப் பிடித்திருந்தார்கள். அதனால் அவர்களின் நிழல் மாறவே இல்லை. சும்பத்ராவைத் திரையிலிருந்து ஒரு முழம் தள்ளி, கிடையாகப் போட்ட வாழைமரத்தில் குத்தி நிறுத்தியிருந்தார்கள். யாரும் அவளை ஆட்டவில்லை. ஒரு பெண் டார்ச்சோடு முழங்காலில் தவழ்ந்து, அங்குலம் அங்குலமாக அவளை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

கோங் ஒலித்தது. டார்ச் அணைந்தது. கொட்டகை விளக்கைப் போட்டபோது சும்பத்ரா வாழைமரத்தில் அப்படியே நின்றாள், ஒன்றரைச் சாண் உயரத்தில்.