சிறுதேனுக்கு ஒரு முகவரி

வலைத்தளம் கட்டச் சொல்லித்தரும் காணொளிகளில் பாதிக்கு மேல் ஒரே பாடம்தான். செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியலிடும் ஒரு பக்கம். பால் வாங்க வேண்டும், மின்கட்டணம் கட்ட வேண்டும் என்று நாலு வரி சேர்த்து, முடிந்ததைக் கோடு போட்டு அடித்துவிட்டால் பயிற்சி முடிந்தது. அந்தப் பட்டியலை யாரும் பயன்படுத்தப் போவதில்லை, கட்டியவர் உட்பட. ஆகவே அதில் எதுவும் சிக்குவதில்லை; எதையும் கழற்றிப் பார்க்க வேண்டிய அவசியமும் வருவதில்லை. புதிதாகக் கற்க வருகிறவர்களிடம் நான் சொல்வது, தேவையுள்ள ஒரு சொந்தக்காரரைப் பிடியுங்கள் என்பதுதான்.

எனக்கு வாய்த்தவர் தாய்மாமா. குமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் தேன்பெட்டி வைத்திருக்கிறார். நான் படித்தது பி.காம். நாகர்கோவிலில் வடசேரி பேருந்து நிலையத்தின் அருகே ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்தபோது, எடுத்த எடுப்பில் ரியாக்ட் என்றார்கள். வலைப்பக்கத் திரைகளைக் கட்ட ஃபேஸ்புக் 2013இல் வெளியிட்ட நல்ல கருவி அது. கண்முன்னே ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் திரைகளுக்குப் பொருத்தமானது. மாமாவின் தேன் விலை அப்படி நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதில்லை. தவிர, ரியாக்டில் வழக்கமான முறையில் கட்டினால் சர்வரிலிருந்து முதலில் வருவது ஏறக்குறைய வெற்றுப் பக்கம். உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் முழுவதும் இறங்கிய பிறகுதான் எழுத்தே தெரியும். மலையோரத்தில் சிக்னலுக்காக முற்றத்தில் இறங்கி நிற்கிறவரிடம் இன்னும் கொஞ்சம் காத்திருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பைத்தான் என்ற நிரல்மொழி கொஞ்சம் தெரியும் என்பதால், அந்த மொழியில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோவை எடுத்துக்கொண்டேன்.

ஜாங்கோ பிறந்தது ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊர். அங்கே ஏட்ரியன் ஹோலோவட்டியும் சைமன் வில்லிசனும் 2003இல் எழுதத் தொடங்கியது, 2005 ஜூலையில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. நிருபருக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை, செய்தியை உள்ளிட்டால் போதும் என்ற தேவை அந்த அலுவலகத்தில் இருந்தது. ஜாங்கோவோடு கூடவே வரும் நிர்வாகப் பக்கத்தைப் பார்த்தால் அந்தத் தேவை புரியும். நாம் அட்டவணையை வரையறுத்தால் போதும், அதை நிரப்பும் படிவத்தை அதுவே போட்டுத் தந்துவிடுகிறது. மாமா இப்போது தன் போனிலிருந்தே விலையை மாற்றிவிடுகிறார். பயிற்சி மையத்தில் இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

அட்டவணை போடும் கட்டத்தில்தான் உண்மையான படிப்பு தொடங்கியது. தேனின் பெயர், எடை, விலை என்று மூன்று கட்டம் வைத்து மாமாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, "மக்களே, போன வருடத்து ரப்பர் தேனும் இந்த வருடத்து ரப்பர் தேனும் ஒன்றா?" என்று கேட்டார்.

பிறகு அவர் விளக்கியது முழுப் பாடம். ரப்பர் மரம் மார்கழி வாக்கில் இலை உதிர்க்கும். அடுத்து தளிர் விடும்போது இலைக்காம்பின் நுனியில், சிற்றிலைகள் சேரும் இடத்தில், இனிப்பு நீர் சுரக்கும். ரப்பர் தேன் அதிலிருந்து வருவது, பூவிலிருந்து அல்ல. தளிர்க்காலத்தில் மழை கெடுத்தால் அந்த வருடம் போயிற்று. பெட்டித் தேனீயின் கதை இது என்றால், மண்கலயத்திலும் மூங்கில் குழாயிலும் கூடு வைக்கும் சிறுதேனீயின் கணக்கே வேறு. கிடைப்பது கொஞ்சம், மருந்துக்கு என்று தேடி வருகிறவர்கள்தான் வாங்குவார்கள். அந்தச் சிறுதேனை மாமா கிலோவில் விற்பதில்லை.

ஆக, தேன் வகை ஓர் அட்டவணை, அறுவடை இன்னோர் அட்டவணை, எந்த அறுவடை எந்த வகை என்று இரண்டையும் இணைக்க ஃபாரின் கீ என்ற ஒரு கட்டம். புத்தகத்தில் மாணவன்-பாடம் உதாரணத்தோடு படித்தபோது மண்டையில் ஏறாத இந்த உறவுமுறை, மாமாவின் ஒரே கேள்வியில் ஏறிவிட்டது. ரப்பர் தேன் சீக்கிரம் உறைந்து மணல்மணலாகிவிடும். வாங்கியவர்கள் சர்க்கரைப் பாகு கலந்துவிட்டதாகச் சண்டைக்கு வருவார்கள். அதற்காகவே தனியாக ஒரு விளக்கப் பக்கம் வைத்தோம். தளத்தில் அதிகம் பேர் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான். மாமாவுக்கு அதில் வருத்தம்.

தமிழ் வந்து இடித்தது அடுத்து. தலைப்பைக் கொடுத்தால் பக்கத்தின் முகவரிக்கு ஒரு துண்டு தயாரித்துத் தரும் சிறிய பங்ஷன் ஜாங்கோவில் உண்டு. ஸ்லகிஃபை என்று பெயர். 'சிறுதேன்' என்று கொடுத்தேன். வெறுமை வந்தது. இயல்பு நிலையில் அது ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் இடைக்கோடு, அடிக்கோடுகளையும் மட்டுமே விட்டுவைக்கும். சரி, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடை அனுமதி என்று ஒரு சொல் சேர்த்தேன். இந்த முறை வந்தது 'சறதன'. 'நாகர்கோவில்' என்று போட்டுப் பார்த்தேன், 'நகரகவல'. புள்ளியும் கொம்பும் காலும் சுழியும் உதிர்ந்து, அகர மெய்கள் மட்டும் நின்றன.

ஜாங்கோவின் மூலநிரலைத் திறந்து பார்த்தது அன்றைக்குத்தான். பெரிய மாயம் ஒன்றும் இல்லை, சில வரிகள். சொல்லுக்குரிய எழுத்து அல்லாத எதையும் நீக்கு என்று ஒரு வரி இருக்கிறது. எது சொல்லுக்குரிய எழுத்து என்பதைப் பைத்தானின் தேடல் நூலகம் முடிவு செய்கிறது. யூனிகோடில் 'ச' ஓர் எழுத்து. 'சி'யில் உள்ள இகர வளைவு எழுத்தின் மேல் ஏறும் குறி. குறிகளை அந்த நூலகம் எழுத்தாக எண்ணுவதில்லை. எனவே ஜாங்கோவைத் திட்டிப் பயனில்லை. குறிகளையும் தக்கவைக்கும் சிறிய பங்ஷன் ஒன்றை நானே எழுதினேன். அப்போதும் முகவரி திறக்கவில்லை. முகவரிகளைப் பிரித்தறியும் இடத்தில் ஸ்லக், அதாவது முகவரித் துண்டு, என்று குறிப்பிட்டால் அதுவும் ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு, அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே ஏற்கும். அதையும் மாற்றினேன்.

கடைசியில் 'சிறுதேன்' முழு உருவத்தோடு முகவரிப் பட்டையில் நின்றது. மகிழ்ச்சியோடு வாட்ஸ்அப்பில் மாமாவுக்கு அனுப்பினால், நூல் அறுந்த பாசிமணி போல விழுக்காட்டுக் குறிகளாகக் கொட்டியது. யூனிகோடைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் 3 எழுத்தாக விரியும். எழுத்தையும் குறியையும் தனித்தனியே எண்ணினால் 'சிறுதேன்' 8 குறியீடு. ஆக 72 எழுத்து. "இதை அமுக்கினால் பேங்கில் பணம் போய்விடுமா?" என்று மாமா போன் செய்தார். நியாயமான சந்தேகம். இத்தனை பாடுபட்ட பிறகு, முகவரிகளை மட்டும் ஆங்கில எழுத்தில் நானே தட்டச்சு செய்துவிட்டேன். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் தேன் விற்க வேண்டும். எழுதிய பங்ஷனை நீக்கவில்லை, கோப்பிலேயே கிடக்கிறது.

கூடை, பணம் செலுத்தும் வசதி எதுவும் இப்போதைக்கு இல்லை. வாட்ஸ்அப்பில் கேட்கலாம் என்று ஒரு பொத்தான் மட்டும். ஆர்டர் எடுப்பதைவிடப் பேசி விற்பதில்தான் மாமாவுக்கு ருசி.

நடந்துகொண்டிருக்கும் வழக்கு வேறு. முதல் பக்கத்தில் ஒரு தேனீ இங்கும் அங்கும் பறக்க வேண்டும், பின்னணியில் ரீங்காரம் கேட்க வேண்டும் என்று நிற்கிறார். ஒலியை நான் மறுத்துவிட்டேன். பயனர் எதையாவது தொடும் முன் ஒலியோடு எதையும் ஓடவிடப் பெரும்பாலான உலாவிகளும் சம்மதிக்காது என்பது எனக்குக் கிடைத்த நல்ல சாக்கு. தேனீக்கு, பக்கத்தின் தோற்றத்தைக் கவனிக்கும் சிஎஸ்எஸ் மொழியின் அனிமேஷன் போதும், ஜாவாஸ்கிரிப்ட் வேண்டாம். வரைந்து காட்டியதைப் பார்த்து, இது குளவி என்கிறார்.