பெரியப்பா குடும்பத்துக்கு இலங்கை டூர் போட்டு நான் பட்ட பாடு

மொதல்லயே சொல்லிடுறேன், இந்தியாவுல இருந்து சொந்தக்காரங்க வந்தாங்கன்னா அவங்க பாஸ்போட்ட ரூம்ல பூட்டி வச்சிட்டு மட்டும் எங்கயும் கெளம்பிடாதீங்க. ஏன்னு பொறகு சொல்றேன்.

எங்க பெரியப்பா 1974ல பன்னண்டு வயசுல, மலையகத் தமிழருங்கள இந்தியாவுக்கு அனுப்பின சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல தலைமன்னார்ல கப்பல் ஏறிப் போனவரு, இப்ப கூடலூர் பக்கம் இருக்காங்க. அவரு, பெரியம்மா, அண்ணன், அண்ணி, ரெண்டு சின்னப் பிள்ளைங்க, மொத்தம் ஆறு பேரு. அண்ணிக்குக் கடல் வேணும், அண்ணனுக்குப் பழைய கோயில், இடிஞ்ச அரண்மனைன்னா உசிரு, பெரியப்பாவுக்கு ஹட்டன் மட்டும் போதும். திட்டம் போடுற வேலை என் தலையில விழுந்துச்சி.

மொத தப்பு நான் பண்ணது. அரையாண்டு லீவுல வாறோம்னு அண்ணன் சொன்னதும் டிசம்பர்னு முடிவு பண்ணி திருகோணமலை நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் ரூமுக்கு அட்வான்ஸ் போட்டுட்டேன். நம்ம மலைநாட்டுல மழைன்னா மே, ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கொட்டுறது தானே, டிசம்பர்ல குளிருனாலும் வானம் தெளிவா இருக்கும், அங்கயும் அப்படித்தான்னு நெனச்சேன். திருகோணமலையில இருக்குற கூட்டாளி கேட்டுட்டு சிரிச்சான் பாருங்க, "டிசம்பர்ல வந்தா கடல ஜன்னல் வழியா தான் மச்சான் பாக்கணும்"னு. வடகீழ் பருவமழை அங்க நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் போட்டுத் தாக்கும். நம்ம தோட்டத்து லயத்து வீட்டுத் தகரத்துல மழை தடதடன்னு அடிக்கிற மாசத்துல தான் அங்க கடல் குளம் மாதிரி கெடக்கும், ரெண்டும் நேர் எதிர். டிசம்பர்ல தான் லீவுன்னா உனவட்டுன, மிரிஸ்ஸன்னு தெக்குப் பக்கம் போங்க. அட்வான்ஸ் திரும்பி வரல, கேட்டா "தேதி மாத்தித் தாறோம்"னு சொன்னவங்க அப்பறம் போன எடுக்கவே இல்ல. கடைசில தமிழ்நாட்டு கோடை லீவுக்கு, மே மொத வாரத்துக்கு மாத்தினோம். புத்தருக்கு எடுக்குற வெசாக் பண்டிகைக்கு முன்னாடியே முடியிற மாதிரி பாத்துக்கிட்டேன், இல்லாட்டி ரூமும் கெடைக்காது, ரோட்டுல வேனும் நகராது.

பெரியப்பா கப்பல்ல போனவன் கப்பல்ல தான் வருவேன்னு ஒரே அடம். நாகப்பட்டினம் கப்பல் காங்கேசன்துறைக்கு தான் வருது, அங்க இருந்து ஹட்டன் எங்கயோ கெடக்குன்னு சொல்லி சமாளிச்சி திருச்சில பிளைட் ஏத்தினோம்.

அடுத்தது ஈடிஏ, அதாவது இலங்கைக்குள்ள வர இன்டர்நெட்ல எடுக்குற அனுமதி. கூகுள்ல தேடினா மேல வாற தளம் எல்லாம் கவர்மெண்ட் தளம் இல்லீங்க. கொடி, சிங்கம் எல்லாம் போட்டு அப்படியே இருக்கும், அண்ணன் அதுல ரெண்டு பேருக்கு கட்டிட்டாரு, ரெண்டு மடங்குக்கு மேல புடுங்கிட்டானுங்க. கடைசில வந்தது அதே ஈடிஏ தான், நடுவுல நின்னு காசு பாக்குறானுங்க. மிச்சப் பேருக்கு நான் சரியான தளத்துல போட்டேன், 12 வயசுக்குக் கீழ பிள்ளைங்களுக்கு காசு இல்லங்கறதே அப்பத்தான் தெரிஞ்சிச்சி. ஆனா வட்ஸ்அப்ல வந்த மங்கலான போட்டோவப் பாத்து பெரியப்பா பாஸ்போட் நம்பர்ல 8க்கு பதிலா 3 அடிச்சிட்டேன். காசு போன பொறகு தான் கண்ணுல பட்டுச்சி. திரும்ப மொதல்ல இருந்து போட்டு திரும்பக் காசு. போன்ல அவங்களயே ஒவ்வொரு எழுத்தா வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு அப்பறம் அடிங்க.

இன்னொன்னு, அந்த ஃபோர்ம்ல பொறந்த நாடுன்னு ஒரு இடம் இருக்கு. அதுல இலங்கைன்னு போட்டுட்டு கீழ எத்தன நாள் தங்குவீங்கன்னு நிரப்புறப்ப எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சி.

திருகோணமலை ரெண்டு நாள் ஒரு கொறையும் இல்ல. கோணேஸ்வரம் போற வழியில கோட்டைக்குள்ள மான் வந்து பையை மோந்து பாத்ததத் தான் பிள்ளைங்க இன்னும் சொல்லுதுங்க.

இப்ப பாஸ்போட் கதை. ஹபரண பக்கம் ரூம் போட்டு மறுநாள் காலையில கெளம்பினோம். மொத போன பழைய இடத்தோட பேரு வேணாம். வெளிநாட்டுக்காரங்களுக்கு டிக்கட் டொலர்ல, நமக்கு ஐடி காட் காட்டினா கொஞ்சக் காசு தான். இந்தியா மாதிரி சார்க் நாட்டுக்காரங்களுக்கு பாதி வெல, ஆனா பாஸ்போட் ஒரிஜினல் வேணும். அது எங்க? பத்திரமா இருக்கட்டும்னு பெரியம்மா ரூம்ல சூட்கேஸ்ல பூட்டிட்டாங்க. போன்ல இருக்குற போட்டோவக் காட்டினேன், நிமிந்து கூட பாக்காம "ஒரிஜினல்"னு ஒரே வார்த்தை, எனக்குப் பின்னாடி நின்னவங்கள கைய ஆட்டிக் கூப்புட்டாரு. நானும் டிரைவரும் திரும்ப ஓடிப்போய் எடுத்துட்டு வந்தப்ப வெயில் உச்சியில, பெரியம்மா மரத்தடியில குத்தவச்சி சேல முந்தானைய தலைக்குப் போட்டுக்கிட்டு யார்கூடயும் பேசல.

மறுநாள் பொலன்னறுவையில எல்லாம் கையில, அஞ்சு நிமிசத்துல உள்ள போயிட்டோம். ரெண்டாம் சிவாலயம் 11ம் நூற்றாண்டுல சோழர் காலத்துக் கட்டடம், முழுக்கக் கல்லு, வானவன்மாதேவி ஈஸ்வரம்னு ராஜராஜன் ராணி பேரு. ஊருக்கே ஜனநாதமங்கலம்னு பேரு மாத்தி வச்சிருந்தாங்க. "சோழன் கட்டுன கோயிலப் பாக்க எனக்கு அரை டிக்கட்டாடா"ன்னு அண்ணன் ஒரே பகிடி. வட்டதாகே, கல்விகாரைக்கெல்லாம் செருப்ப கழட்டணும், கல்லு தோசக்கல்லு மாதிரி சுடும், ஒரு சோடி காலுறை பையில போட்டுக்கோங்க. பச்சத்தண்ணியும் குளிருமா வளந்த நம்ம காலு அதத் தாங்காது.

கண்டியில இருந்து ஹட்டனுக்கு கோச்சியில, அதான் ரயில்ல, போகணும்னு ரிசர்வேஷன் தொறக்குற அன்னைக்கே, 30 நாளைக்கு முன்னாடியே ஒக்காந்தேன், நிமிசத்துல எல்லாம் போயிருச்சி. அன்னைக்கே ஸ்டேஷன்ல மூனாங் கிளாஸ் டிக்கட் எடுத்து நெருக்கிக்கிட்டு ஏறினோம். பெரியப்பாவுக்கு யாரோ ஒரு பையன் சீட் குடுத்தும் ஒக்காரல, நாவலப்பிட்டி தாண்டினதும் வாசல்ல போய் நின்னுட்டாரு. கலபொட, வட்டவளைன்னு போர்டு வாறதுக்கு முன்னாடியே பேரு சொல்லிக்கிட்டே வந்தாரு. ஹட்டனுக்கு முந்தின ஸ்டேஷன் ரொசல்லையிலயே பைய எடுத்து தோள்ல போட்டுட்டாரு. "பாஸ்போட் எங்க?"ன்னு பெரியம்மா கத்தினாங்க, மனுசன் திரும்பாம சட்டப்பைய தட்டிக் காட்டினாரு.