பட்டியலில் இருக்கும் பெயர்

"லிஸ்ட்ல பேர் இருக்கும்மா. நான் தடுக்க முடியாது."

2024 மக்களவைத் தேர்தலில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தபோது ஒரு அம்மாவிடம் நான் சொன்ன பதில் இது. சட்டப்படி சரியான பதில்தான். நாளை யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். ஆனால் அதற்கு மேல் அவர் கேட்டதற்கு அன்றும் என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை.

ஆண்கள் வரிசையில் வந்த ஒருவரின் பெயரை பட்டியலைச் சரிபார்க்கும் முதல் அலுவலர் உரக்கப் படித்ததும் வேட்பாளர்களின் ஏஜென்ட்டுகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் எழுந்து என்னிடம் வந்தார். "சார், இவர் கொலைக் கேஸ்ல ஆயுள் தண்டனை ஆனவர். அப்பீல் போட்டு ஜாமீன்ல வந்திருக்கார். இவருக்கு எப்படி ஓட்டு?"

இரண்டு ரூபாய் கட்டி ஒரு வாக்காளரை ஏஜென்ட் ஆட்சேபிக்கலாம். ஆனால் 'பட்டியலில் உள்ளவர் இவர் இல்லை' என்று மட்டும்தான் ஆட்சேபிக்க முடியும். இவர் யார் என்பதில் அந்த அறையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மண்டல அலுவலருக்கு போன் செய்தேன். "ஜெயில்லயா இருக்கார்? வெளியேதானே நிக்கிறார்? விடுங்க" என்றார். விரலில் மை வைத்தார்கள். வாக்களிக்க வந்தவர்களைப் பதியும் 17ஏ பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். ஓட்டுப் போட்டுவிட்டு யாரையும் பார்க்காமல் போய்விட்டார்.

பெண்கள் வரிசையில் இருந்து ஒருவர் நேராக என் மேசைக்கு வந்து, அந்த ஆளை எப்படி விட்டீர்கள் என்று கேட்டார். கொலையானவரின் மனைவி என்று அப்புறம்தான் தெரிந்தது. என் பதிலைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க வீட்டுக்காரர் பேரை அடிச்சிட்டீங்க. அவரைக் கொன்னவன் பேரை அடிக்க மாட்டீங்களா சார்?"

நான் சட்டம் பேசவில்லை. பேசியிருந்தால் 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவைச் சொல்லியிருக்க வேண்டும். சிறையில் அடைபட்டவரும் போலீஸ் காவலில் உள்ளவரும் ஓட்டுப் போட முடியாது என்பது அந்தப் பிரிவு. குற்றம் நடக்காமல் தடுக்க என்று முன்கூட்டியே அடைக்கும் தடுப்புக் காவலில் இருப்பவர் மட்டும் ஓட்டுப் போடலாம். செய்த குற்றம் என்ன, குற்றம் நிரூபணமானதா என்பதெல்லாம் அதில் இல்லை. மதிலுக்கு உள்ளேயா வெளியேயா, அவ்வளவுதான். தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டதால் அவர் வெளியே இருந்தார், அதனால் ஓட்டு உண்டு. கொலையானவரின் மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது?

அன்று இரவு பெட்டிகளை ஒப்படைக்கப் போகும் வண்டியில் முதல் அலுவலர் வேறொன்று சொன்னார். அவருடைய தங்கை மகன் வண்டி திருட்டு வழக்கில் உள்ளே இருக்கிறான். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை. விசாரணையே தொடங்காத அவனுக்கு ஓட்டு இல்லை. 2022 இறுதிக் கணக்கில் நம் நாட்டுச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் இன்னும் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள்தான். இந்தத் தடை செல்லும் என்று 1997இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடுதல் போலீஸ் வேண்டியிருக்கும், தன் நடத்தையால் உள்ளே போனவர் வெளியே உள்ளவருக்குச் சமமான சுதந்திரம் கேட்க முடியாது என்பவை அதற்குச் சொன்ன காரணங்களில் சில. குற்றமே நிரூபணமாகாதவனுக்கு இரண்டாவது காரணம் எப்படிப் பொருந்தும் என்று எனக்குப் புரிந்ததில்லை. அந்த 2024 தேர்தலில்தான் திகார் சிறையில் விசாரணைக் கைதியாக இருந்த அரசியல்வாதி இன்ஜினியர் ரஷீத், காஷ்மீரின் பாரமுல்லாவில் நின்று முன்னாள் முதல்வர் உமர் அப்துல்லாவைத் தோற்கடித்தார். நிற்கலாம், ஜெயிக்கலாம், ஓட்டு மட்டும் போட முடியாது.

சிறையில் இருப்பவர்களுக்கும் ஓட்டு வேண்டும் என்பதுதான் என் கருத்து. தண்டனை பெற்றவர்களையும் சேர்த்தே சொல்கிறேன். அமெரிக்காவில் மெய்ன், வெர்மான்ட் மாநிலங்களில் சிறைக்குள் இருந்தே வாக்களிக்கிறார்கள். சிறையின் சாப்பாடு, வைத்தியம், கூலி எல்லாவற்றையும் அரசாங்கம்தான் தீர்மானிக்கிறது. அதைத் தேர்ந்தெடுப்பதில் உள்ளே இருப்பவருக்கும் பங்கு வேண்டும். ஆனால் இந்த நியாயத்தை எத்தனை முறை மனதில் அடுக்கினாலும், எதிரே அந்த அம்மாவை நிறுத்தினால் பாதியிலேயே நின்றுவிடுகிறேன்.

புளோரிடாவில் 2018இல் தண்டனை முடித்தவர்களுக்கு ஓட்டுரிமையைத் திருப்பிக் கொடுத்தபோது கொலைக்கும் கடும் பாலியல் குற்றத்துக்கும் தண்டனை பெற்றவர்களை மட்டும் அதில் சேர்க்கவில்லை. அந்த அம்மா கேட்டது அதைத்தான். நம் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கள்ள ஓட்டுப் போட்டதாகவோ ஓட்டுக்குப் பணம் கொடுத்ததாகவோ தண்டனை பெற்றவருக்கு, வெளியே இருந்தாலும், ஆறு வருடம் ஓட்டு கிடையாது. அதே 1951 சட்டத்தின் 11ஏ பிரிவு அது. தேர்தலைக் கெடுத்தவனைத் தேர்தலில் இருந்து விலக்குவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது, எனக்கும் அது சம்மதம்தான். ஆனால் ஓட்டை விலை பேசியவனின் பெயரை நிறுத்தத் தெரிந்த சட்டத்துக்கு, ஒரு ஓட்டரையே இல்லாமல் ஆக்கியவனின் பெயரை நிறுத்தத் தெரியவில்லையா என்று அவர் கேட்டால்?

ஜாமீனில் வந்த அந்த ஆளை நான் தடுத்திருந்தால் அது பெரிய தவறாகியிருக்கும். ஒரு தலைமை அலுவலர் தன் மனசாட்சிப்படி ஒருவரை நிறுத்தலாம் என்றால், அடுத்த சாவடியில் இன்னொருவர் சாதி பார்த்து நிறுத்துவார். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அவர் போட்டதும் ஒரே ஒரு ஓட்டு, எங்கள் சாவடியில் பதிவான மற்ற ஓட்டுகளோடு சேர்ந்துவிட்டது.

சில நாள் இப்படித் தோன்றும்: அந்த அம்மாவுக்கு ஓட்டு ஒரு பொருட்டே இல்லை. வழக்கு இழுத்தடித்த காலத்திலும் சரி, ஜாமீன் கொடுத்த நாளிலும் சரி, யாரும் அவரைக் கூப்பிட்டுப் பேசியிருக்க மாட்டார்கள். கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்த முதல் அரசாங்க ஆள் நான். அதனால் என்னிடம் கேட்டார். இப்படி நினைத்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகிவிடுகிறது, அதனாலேயே இதை நம்பத் தயக்கமாக இருக்கிறது. அவர் வேறு எதையும் மனதில் வைத்துப் பேசியதாகத் தெரியவில்லை. அந்தப் பெயரைப் பற்றித்தான் கேட்டார், என் முகத்தைப் பார்த்துத் தெளிவாகக் கேட்டார்.