குற்றாலத்துக்குப் பை கட்டும்போது

ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான சாரல் பருவத்தில் குற்றாலம் செல்பவர்கள் முதலில் நினைவில் கொள்ள வேண்டியது, அங்கே நனைந்த துணி எளிதில் உலராது என்பதுதான். ஒருமுறை தடித்த பூந்துவாலை ஒன்றை எடுத்துச் சென்று, இரண்டு நாள் விடுதி அறையின் மின்விசிறிக்குக் கீழே விரித்துப் போட்டும் காயாமல், ஈரத்தோடே சுருட்டி பொதிகை ரயிலில் ஏறியதில், சென்னை வந்து சேர்வதற்குள் பை முழுவதும் முடை நாற்றம் பிடித்துவிட்டது. அதிலிருந்து ஆளுக்கு இரண்டு ஈரிழைத் துண்டுகள், கொடி கட்டக் கொஞ்சம் நைலான் கயிறு, ஈரத் துணிக்கென்று தனியாக ஒரு பை என்பதே எங்கள் வீட்டு வழக்கம்.

பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீர் தோளில் அறைந்து விழுவதால், நழுவாத, உடலோடு ஒட்டிய பருத்தி உடையே நல்லது. பெண்களுக்குச் சுடிதார் வசதியானது. எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றை அருவியில் பயன்படுத்தத் தடை இருப்பதால், அவற்றை அறையிலேயே விட்டுவிடலாம். நகைகளை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். வழுக்கும் பாறைக்கு ஏற்ற ரப்பர் செருப்பும், பணத்தையும் கைப்பேசியையும் வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள நீர் புகாத உறையும் அவசியம். தின்பண்டங்களை வெளியே தெரியும்படி எடுத்துச் செல்லாதீர்கள். முறுக்குப் பொட்டலத்தைக் குரங்குகள் நம்மைவிட விரைவாகப் பிரிக்கும்.